திருச்சி - பலாலி: 184 கிலோமீட்டருக்கு எத்தனை மணி நேரம்?

திருச்சி விமான நிலையத்திலிருந்து நேர்கோட்டில் அளந்தால் கோவை விமான நிலையம் சுமார் 184 கிலோமீட்டர். அதே திருச்சியிலிருந்து தென்கிழக்கே, பாக் நீரிணையைத் தாண்டி, யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையமும் சுமார் 184 கிலோமீட்டர். ஒன்று மேற்கே, மற்றது கிழக்கே. இரண்டும் ஒரே தூரம்.

கோவைக்குப் போகிறவர் காலை இட்லியை முடித்துக்கொண்டு பஸ் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்கு அங்கே இருக்கலாம். யாழ்ப்பாணத்துக்குப் போகிறவருக்கு அண்மைக்காலம் வரை ஒரு பகலும் ஓர் இரவும் தேவைப்பட்டன. கடல் குறுக்கே இருப்பது மட்டும் இதற்குக் காரணமன்று. கோடியக்கரைக்கும் யாழ்ப்பாணத்தின் வட கரைக்கும் இடையே அறுபது கிலோமீட்டர்கூட இல்லை. 184 கிலோமீட்டரை எண்ணூறு கிலோமீட்டராக நீட்டியவை போரும் அரசுகளின் முடிவுகளும்தான். அதைத் திரும்பச் சுருக்குவதும் அரசுகளின் கையில்தான் இருக்கிறது.

அந்த எண்ணூறு வந்த விதம் இது. திருச்சியிலிருந்து கொழும்புக்கு, அதாவது கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு, வான்வழியில் சுமார் 418 கிலோமீட்டர். யாழ்ப்பாணம் அங்கிருந்து மீண்டும் வடக்கே, புத்தளம், அனுராதபுரம், வவுனியா, கிளிநொச்சி வழியாக ஏறக்குறைய நானூறு கிலோமீட்டர் சாலை. பஸ்ஸில் ஏழெட்டு மணி நேரம். யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் திருச்சிக்கு வர வேண்டுமென்றால் முதலில் திருச்சிக்கு எதிர்த்திசையில் ஒரு முழு இரவு பயணம் செய்ய வேண்டும். பிறகு விமானத்தில் ஏறி, வந்த திசையிலேயே திரும்ப வேண்டும். மருத்துவத்துக்கு வரும் முதியவர்களும், கல்யாணத்துக்குப் பட்டெடுக்க வரும் குடும்பங்களும், சமயபுரத்துக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் வேண்டுதலோடு வருகிறவர்களும் பல ஆண்டுகள் இப்படித்தான் வந்து போனார்கள்.

ஒரு காலத்தில் நிலைமை இப்படி இருக்கவில்லை. பலாலி ஓடுபாதை இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டிஷ் விமானப் படைக்காகப் போடப்பட்டது. போர் முடிந்ததும் அது மக்களுக்குப் பயன்படத் தொடங்கியது. ஏர் சிலோன் நிறுவனத்தின் முதல் பயணிகள் விமானம் 1947 டிசம்பர் 10 அன்று கொழும்பை அடுத்த இரத்மலானையிலிருந்து புறப்பட்டு, காங்கேசன்துறையில் இறங்கி, சென்னைக்கு வந்தது. காங்கேசன்துறை என்று அப்போது சொல்லப்பட்டது இந்தப் பலாலிதான். ஒரு நாட்டின் விமான நிறுவனம் தன் முதல் பயணத்தையே யாழ்ப்பாணம் வழியாகச் சென்னைக்கு அமைத்துக்கொண்டது என்றால், அன்றைய ஆட்களின் போக்குவரத்து எந்தத் திசையில் இருந்தது என்பது விளங்கும். பின்னர் பலாலியிலிருந்து திருச்சிக்கும் விமானங்கள் பறந்தன. தரைவழிக்கும் குறைவில்லை. 1914 முதல் தனுஷ்கோடியையும் தலைமன்னாரையும் கப்பல் இணைத்தது. ரயில், கப்பல், மறுபடி ரயில் என்று போட் மெயிலில் ஒரே சீட்டில் போய்வந்தார்கள்.

ஒவ்வொன்றாக இவை அறுந்தன. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியைக் கொண்டுபோனது. அதன் பிறகு ராமேஸ்வரத்திலிருந்து ஓடிய கப்பல் 1980-களில் நின்றது. ஏர் சிலோன் 1970-களின் இறுதியில் மூடப்பட்டது. இனப்போர் வலுத்தபோது பலாலி முழுக்க ராணுவத் தளமாயிற்று. 1990-இல் யாழ்ப்பாணத்துக்கான ரயிலும் நின்றது. அது திரும்பி வர 2014 ஆயிற்று. 1998-இல் பலாலியிலிருந்து கொழும்புக்குப் புறப்பட்ட உள்நாட்டு விமானம் ஒன்று மன்னார்க் கடலில் விழுந்து, அதிலிருந்த 55 பேரும் இறந்தார்கள். போர் 2009-இல் முடிந்த பிறகும் பத்தாண்டு கழித்தே, 2019 அக்டோபர் 17 அன்று, யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்ற பெயரோடு பலாலி திறக்கப்பட்டது. அடுத்த மாதம் அலையன்ஸ் ஏர் சென்னையிலிருந்து பறக்கத் தொடங்கியது. நான்கே மாதங்களில் கொரோனா வந்து அதையும் நிறுத்தியது. 2022 டிசம்பர் 12 அன்று சேவை மீண்டது. 2024 செப்டம்பரில் இண்டிகோவும் சென்னையிலிருந்து பறக்கத் தொடங்கியது. 2025 மார்ச் 30 அன்று அதே நிறுவனம் திருச்சி - யாழ்ப்பாணம் தடத்தைத் தொடங்கியது. ஏர் சிலோன் காலத்துக்குப் பிறகு கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு கழித்து இந்த இரண்டு ஊர்களும் மீண்டும் நேராக இணைந்தன.

இனி நேரக் கணக்குக்கு வருவோம். சென்னைக்கும் பலாலிக்கும் இடையே சுமார் 355 கிலோமீட்டர். இரண்டும் ஏறத்தாழ ஒரே தீர்க்கரேகையில், 80 பாகைக்குச் சற்றுக் கிழக்கே இருக்கின்றன. வரைபடத்தில் நேர் தெற்காக ஒரு கோடு போட்டால் போதும். திருச்சியிலிருந்து பலாலிக்கு அதில் பாதித் தூரம். ஆகவே நேரமும் பாதியாக வேண்டும் என்று தோன்றும். அப்படி ஆவதில்லை. சென்னையிலிருந்து அட்டவணையில் ஒன்றேகால் மணி நேரத்தை ஒட்டி இருக்கிறது; திருச்சியிலிருந்து ஒரு மணி நேரத்தை ஒட்டி இருக்கிறது. தூரம் பாதியானபோது நேரத்தில் குறைந்தது கால் மணியளவுதான்.

அட்டவணை நேரம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதில் இதற்கு விடை இருக்கிறது. சக்கரத்துக்குக் கீழ் வைத்த அடைகட்டையை எடுத்து விமானம் நகரத் தொடங்கும் நொடியிலிருந்து, மறுமுனையில் நின்று மீண்டும் அடைகட்டை வைக்கும் நொடிவரை கணக்கு. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, அனுமதிக்குக் காத்திருப்பது, மேலேறுவது, காற்றின் திசைக்கு ஏற்பச் சுற்றி வந்து இறங்குவது, நிறுத்துமிடத்துக்கு ஊர்வது எல்லாம் அதில் அடக்கம். நூறு கிலோமீட்டர் பறந்தாலும் ஆயிரம் கிலோமீட்டர் பறந்தாலும் இவை ஏறக்குறைய மாறாதவை. இந்தத் தடத்தில் பறக்கும் விசிறி வைத்த ஏடிஆர் 72 விமானம் முழு வேகத்தில் மணிக்கு சுமார் 500 கிலோமீட்டர் போகும். அந்தக் கணக்கில் 184 கிலோமீட்டருக்கு 22 நிமிடங்கள்தான். மீதி முப்பது, நாற்பது நிமிடங்கள் ஏறுவதற்கும் இறங்குவதற்கும் ஊர்வதற்கும். நேர்கோட்டில் போனால் முதல் பாதி பட்டுக்கோட்டைப் பக்கத்து வயல்களின் மேல். அதிராம்பட்டினத்தை ஒட்டிக் கரை முடிந்து, மறுபாதி கடலின் மேல். மேலேறி நிமிர்ந்ததும் இறங்கத் தொடங்கிவிடும். வான்வழிகளுக்கென்று வகுத்த பாதைகள் இருப்பதாலும், நடுவே ஒரு நாட்டின் வான்பரப்புக் கட்டுப்பாடு கைமாறுவதாலும் கோடு சற்று வளையும். ஆனாலும் கணக்கு பெரிதாக மாறாது.

இந்த இடத்தில்தான் நம் கொள்கை வகுப்போர் ஊன்றிக் கவனிக்க வேண்டியது இருக்கிறது. பலாலியின் ஓடுபாதை குட்டையானது. இப்போதைக்கு ஏடிஆர் போன்ற சிறிய விமானங்களே இறங்குகின்றன. அதை நீட்டி ஏர்பஸ் 320 ரக ஜெட் விமானங்கள் இறங்கும்படி செய்ய வேண்டும் என்பது திறப்பு விழாக் காலத்திலிருந்தே பேசப்படும் திட்டம். வளர்ச்சி என்றால் பெரிய விமானம் என்ற எண்ணம் நம்மிடமும் ஆழப் பதிந்திருக்கிறது. திருச்சித் தடத்தைப் பொறுத்தவரை இது தேவையற்றது என்பது என் உறுதியான கருத்து. ஜெட் விமானம் மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் போனால் 184 கிலோமீட்டரை 14 நிமிடங்களில் கடக்கும். ஏடிஆருக்கு 22. மிச்சமாவது எட்டு நிமிடம். அதுவும் காகிதத்தில்தான்; இவ்வளவு குறுகிய தூரத்தில் ஜெட் தன் முழு வேகத்தை எட்டுவதற்குள் இறங்க வேண்டி வந்துவிடும். எரிபொருளோ ஏடிஆரில் கணிசமாகக் குறைவு. இருக்கைகள் எழுபது, எண்பதுக்குள் இருப்பதால் நிரப்புவதும் எளிது. 180 பேர் அமரும் ஜெட்டை வாரத்தில் மூன்று நாள் விடுவதைவிட, ஏடிஆரைக் காலையும் மாலையும் விடுவது பயணிக்கு ஆயிரம் மடங்கு மேல். காலையில் வந்து மருத்துவரைப் பார்த்துவிட்டு மாலையில் வீடு திரும்ப முடிகிறதா என்பதுதான் இந்தத் தூரத்துக்கான அளவுகோல்.

ஓடுபாதை நீட்டிப்பில் இன்னொரு விஷயம் இருக்கிறது. இதைச் சொல்லாமல் பலாலியைப் பற்றி எழுதுவது நேர்மையாகாது. ஓடுபாதையைச் சுற்றியிருக்கும் வலிகாமம் வடக்கு, செம்மண் தோட்டங்களும் மீன்பிடிக் கரைகளும் கொண்ட செழிப்பான பகுதி. 1990-இல் அங்கிருந்த மக்கள் உடுத்த துணியோடு வெளியேறினார்கள். உயர் பாதுகாப்பு வலயம் என்ற பெயரில் அவர்களுடைய வீடுகளும் கோயில்களும் பள்ளிகளும் வேலிக்குள் போயின. போருக்குப் பிறகு பகுதி பகுதியாக நிலம் விடுவிக்கப்பட்டது. மயிலிட்டித் துறைமுகம் 2017-இல்தான் திரும்பக் கிடைத்தது. எல்லா நிலமும் இன்னும் திரும்பவில்லை. உறுதிப் பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாடகை வீட்டில் வாழ்கிறவர்கள் அங்கே இருக்கிறார்கள். முப்பத்தைந்து ஆண்டுகளாகக் காத்திருக்கும் அவர்களிடம், ‘விமான நிலையத்துக்காக’ என்று சொல்லி அதே நிலத்தை நிரந்தரமாக எடுத்துக்கொள்வது அநீதி. முகாமுக்குப் போன நிலம் பிறகு விமான நிலையத்துக்குப் போனால், உரிமையாளருக்கு என்ன வேறுபாடு?

பெரிய விமானம் வேண்டும் என்போரின் வாதத்திலும் நியாயம் உண்டு. லண்டன், டொரன்டோ, பாரிஸ், சூரிச் நகரங்களில் வாழும் யாழ்ப்பாணத்து மக்கள் ஊருக்கு நேராக வந்து இறங்க ஆசைப்படுகிறார்கள். ஆனால், நடுத்தர ஜெட் இறங்குமளவுக்கு நீட்டினாலும் அந்த ஊர்களிலிருந்து நேரடி விமானம் பலாலிக்கு வரப் போவதில்லை. அதற்கு வேண்டிய பெரிய விமானங்களுக்கு அந்த நீளமும் போதாது. அவர்கள் எப்படியும் ஓரிடத்தில் மாறியே ஆக வேண்டும். அந்த இடமாகத் திருச்சியும் சென்னையும் இருக்க முடியும். சிங்கப்பூர், கோலாலம்பூர், துபாய் என்று திருச்சிக்கு ஏற்கெனவே வெளிநாட்டுச் சேவைகள் நிறைய உண்டு. 2024 ஜனவரியில் சுமார் 1,100 கோடி ரூபாயில் கட்டிய புதிய முனையமும் திறக்கப்பட்டது. பெட்டியைத் திருச்சியில் எடுத்து மறுபடி கட்டவேண்டிய அவசியமில்லாமல், பலாலிவரை ஒரே சீட்டில் போகும் ஏற்பாட்டைச் செய்து, மாறிச் செல்வோருக்கான விசா விதிகளை இலகுவாக்கினால், ஓர் அடி நிலம்கூட எடுக்காமல் யாழ்ப்பாணத்துக்குச் சர்வதேச இணைப்பு கிடைத்துவிடும்.

பறக்கும் நேரம் ஒரு மணி. பயணியின் நேரமோ அதுவன்று. வெளிநாட்டுப் பயணம் என்பதால் இரண்டு, மூன்று மணி நேரம் முன்னதாக வரச் சொல்கிறார்கள். பிறகு குடிவரவு, சுங்கம். பலாலியில் இறங்கினால் யாழ்ப்பாண நகருக்கு மேலும் அரை மணி, முக்கால் மணி. வீட்டு வாசலிலிருந்து வாசலுக்குக் கணக்குப் போட்டால் ஐந்து மணி நேரத்தைத் தொடும். அதில் வானத்தில் கழிவது ஐந்தில் ஒரு பங்கு. இதைக் குறைக்க விமானத்தின் வேகத்தைக் கூட்டிப் பயனில்லை. எழுபது, எண்பது பேர் மட்டுமே போகும் ஒரு சிறு விமானத்துக்கு முந்நூறு பேர் விமானத்துக்குரிய காத்திருப்பை விதிக்கத் தேவையில்லை என்று அதிகாரிகள் ஏற்றுக்கொண்டால் போதும். முதியவர்களும் நோயாளிகளும் இந்தத் தடத்தில் அதிகம் என்பதால், வரிசையில் நிற்கும் நேரத்தை ஒரு மணி குறைத்தாலே பெரிய உதவி. இலங்கைக்கும் இந்தியாவுக்கும் கடிகாரம்கூட இப்போது ஒன்றுதான். 2006 ஏப்ரலில் இலங்கை தன் நேரத்தை நம் நேரத்தோடு மீண்டும் ஒன்றாக்கிக்கொண்டது. அந்த நெருக்கம் விதிமுறைகளில் இல்லை.

கட்டணத்திலும் இதே கோளாறு. விமான நிலையக் கட்டணங்களும் புறப்பாட்டு வரிகளும் தூரத்தைப் பார்த்து விதிக்கப்படுபவை அல்ல. தலைக்கு இவ்வளவு என்று வைக்கப்படுபவை. மூவாயிரம் கிலோமீட்டர் போகிறவரின் சீட்டில் அவை சிறு தொகை. 184 கிலோமீட்டர் போகிறவரின் சீட்டில் பெரும் பங்கு. குறுந்தொலைவு எல்லைத் தடங்களுக்கென்று தனியாக ஒரு குறைந்த விகிதத்தை இரு நாடுகளும் பேசி முடிவு செய்வதே முறை.

மானியம் கொடுத்து ஓட்டலாமே என்று கேட்கலாம். உள்நாட்டில் அந்த வழியை முயன்று பார்த்திருக்கிறோம். 2017 ஏப்ரலில் சிம்லாவிலிருந்து டெல்லிக்கு முதல் விமானம் பறந்த உடான் திட்டத்தில், ஒரு மணி நேரப் பயணத்துக்கு 2,500 ரூபாய் என்று கட்டண வரம்பு வைத்து, விமான நிறுவனத்தின் நட்டத்தை மூன்றாண்டுகளுக்கு அரசு ஈடுகட்டியது. நல்ல நோக்கம். முதல் மூன்று கட்டங்களில் 774 தடங்கள் ஒதுக்கப்பட்டன. அவற்றில் 371-இல் மட்டுமே விமானம் பறந்தது. 112 தடங்கள் மட்டுமே மூன்றாண்டுகளை நிறைவு செய்தன. மானியம் நின்ற பிறகும் 2023 மார்ச்சில் பறந்துகொண்டிருந்தவை 54. இது தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை சொல்வது. நம் சேலத்திலேயே இதைப் பார்த்தோம். 2018 மார்ச்சில் சென்னைக்குப் பறக்கத் தொடங்கிய விமானம் 2021-இல் நின்றது; மீண்டும் சேலத்தில் விமானச் சத்தம் கேட்க 2023 அக்டோபர் ஆனது.

அந்த 54-ஐ வைத்துக் குறுந்தொலைவு விமானமே வீண் என்று சிலர் முடிவு கட்டுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தோற்ற தடங்களுக்குக் காரணங்கள் பல: ஓடுபாதை தயாராகாதது, சிறு விமானங்கள் போதாதது, நிறுவனங்களே திவாலானது. கூடவே ஒன்றையும் கவனிக்க வேண்டும். தரையில் நல்ல சாலையோ ரயிலோ இருக்கும் இடத்தில், இருநூறு கிலோமீட்டருக்குள் விமானம் ஜெயிப்பது கடினம். திருச்சி - கோவை விமானம் ஓடினால் அதில் யார் ஏறுவார்? விமான நிலையத்தில் காத்திருக்கும் நேரத்தில் பஸ் பாதித் தூரம் போயிருக்கும். பலாலியின் கதை வேறு. அதே 184 கிலோமீட்டர், ஆனால் அங்கே சாலை கிடையாது. கொழும்பைச் சுற்றுவதுதான் மாற்று. மாற்று வழி எவ்வளவு நீளமோ அவ்வளவுக்கு நேர் வழியின் மதிப்பு உயரும். மானியம் தருவதானால் முதலில் இப்படிப்பட்ட தடங்களுக்குத்தான் தர வேண்டும். வெளிநாட்டுத் தடங்களுக்கு மாநில அரசு ஈட்டுத்தொகை கொடுக்கும் முறை புதிதன்று. அண்டை நாட்டு நகரங்களோடு குவாஹாட்டியை இணைக்க அசாம் அரசு அப்படி முன்வந்திருக்கிறது. தமிழ்நாடு அரசும் திருச்சி - பலாலி தடத்துக்கு இதை யோசிக்கலாம். நிரம்பாத இருக்கைகளுக்காக நிறுவனம் சேவையையே கைவிட்டுவிடாதபடி, முதல் சில ஆண்டுகள் தாங்கிப் பிடித்தால் போதும்.

கப்பல் இருக்கிறதே என்பவர்களுக்கும் ஒரு சொல். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபர் 14 அன்று தொடங்கிய பயணிகள் கப்பல் சில நாள்களில் நின்று, 2024 ஆகஸ்டில் வேறொரு கப்பலோடு மீண்டும் தொடங்கியது. சுமார் 60 கடல் மைல், அதாவது 110 கிலோமீட்டர். ஏறக்குறைய நான்கு மணி நேரம். மூட்டை முடிச்சோடு போகிறவர்களுக்கும், அவசரமில்லாதவர்களுக்கும் அது நல்ல வழி. அது நிலைக்க வேண்டும். கப்பலும் விமானமும் ஒன்றையொன்று விழுங்கிவிடும் என்று பயப்பட வேண்டியதில்லை. ஒரே ஆள் போகும்போது விமானத்திலும், சாமான்களோடு திரும்பும்போது கப்பலிலும் வரலாம். அதற்கு இரண்டின் அட்டவணையையும் சேர்த்து வைத்துப் பார்க்கும் ஓர் அலுவலகம் வேண்டும். இப்போது கப்பல் ஒரு துறையிடம், விமானம் இன்னொரு துறையிடம்.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பாக் நீரிணை கொந்தளிக்கும். நாகைக் கப்பல் அந்த மாதங்களில் நின்றுவிடுகிறது. அதே கார்த்திகை, மார்கழியில்தான் யாழ்ப்பாணத்திலிருந்து ஐயப்பன்மார் மாலை போட்டுக்கொண்டு சபரிமலைக்குக் கிளம்புகிறார்கள். வழியில் திருச்சி, மதுரைக் கோயில்களுக்கும் போகிறார்கள். சென்னையின் இசை விழாவும் அப்போதுதான். தை பிறந்தால் பொங்கலுக்கு ஊர் திரும்புகிறவர்கள் வேறு. ஆண்டிலேயே அதிகம் பேர் கடக்க விரும்பும் காலத்தில் ஒரு வழி அடைபடுகிறது என்றால், மற்ற வழியை அகலப்படுத்தியாக வேண்டும். கூடுதல் விமானத்துக்கான அனுமதியை நவம்பரில் கேட்டு ஜனவரியில் கொடுப்பதால் யாருக்கும் பயனில்லை. குளிர்கால அட்டவணையை விமான நிறுவனங்கள் அக்டோபர் கடைசியில் மாற்றுகின்றன. அதற்கான பேச்சு ஆடி மாதத்திலேயே தொடங்க வேண்டும்: திருச்சியிலிருந்து பலாலிக்கு நாளொன்றுக்கு இரண்டு ஏடிஆர், காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, கார்த்திகை முதல் தேதியிலிருந்து தை முடியும்வரை.